முதலில் பூமியைக் கழிக்க வேண்டும்

புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் போனால் பொற்பனைக்கோட்டை. சங்க காலத்துக் கோட்டை அது. மதில் கரைந்து மேடாகிவிட்டது, அகழி தூர்ந்து பள்ளமாகத் தெரிகிறது. 2023-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வைத் தொடங்கியபோது தங்க மூக்குத்தியைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் அதிகம் எழுதின. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது தங்கம் அல்ல, கசடு. இந்த வட்டாரத்தில் பழங்காலத்தில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். இரும்பை எடுத்துக்கொண்டவர்கள் மிஞ்சிய கசடை அங்கேயே கொட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கசடில் ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, கனமாக இருக்கும். ஒரு பக்கம் கண்ணாடியாக மினுங்கும். குழம்பாக ஓடி இறுகிய வரிகள் தெரியும். உடைந்த இடத்தில் துரு ஏறியிருக்கும். காந்தத்தைக் காட்டினால் சில கட்டிகள் ஒட்டிக்கொள்ளும். சித்த மருத்துவர்கள் இதை மண்டூரம் என்பார்கள், பழைய கசடைச் சுத்தி செய்து சோகைக்கு மருந்தாக்குவார்கள். ஆனால் விண்கல்லை நேரில் பார்த்திராதவர் மனத்தில் ஒரு விண்கல் எப்படி இருக்குமோ அப்படியேதான் இந்தக் கட்டியும் இருக்கிறது. வானத்திலிருந்து விழுந்தது என்று மக்கள் நம்பி எடுத்துவரும் கற்களில் பெரும்பாலானவை விண்கற்கள் அல்ல என்பது உலகெங்கும் உள்ள அருங்காட்சியகங்களின் அனுபவம். அப்படி ஏமாற்றும் பொருள்களின் வரிசையில் இரும்புக் கசடு முன்னால் நிற்கிறது.

கசடையும் விண்கல்லையும் பிரிப்பது எப்படி? கசடில் காற்றுக் குமிழிகளின் ஓட்டைகள் இருக்கும், கல்வகை விண்கல்லில் அவை ஏறக்குறைய இருக்கவே இருக்காது. விண்கல்லின் மேல் கறுப்புத் தோல் ஒன்று மூடியிருக்கும். வளிமண்டலத்தில் நொடிக்கு 11 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நுழையும்போது மேற்பரப்பு உருகி இறுகியதால் வந்த தோல் அது, தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே சாம்பல் நிறம். வெட்டிய முகத்தைத் தேய்த்து மெருகேற்றினால் உலோகத் துகள்கள் மின்னும். பெரும்பாலான கல்வகைகளில் காண்ட்ரூல் எனப்படும் சிறு உருண்டைகள் தெரியும். பூமியின் எந்தப் பாறையிலும் அவை கிடையாது. உலோகத் துகளைச் சோதித்தால் இரும்போடு நிக்கலும் இருக்கும். பொற்பனைக்கோட்டை உலையில் உருக்கிய இரும்பில் அந்த நிக்கலைத் தேடினால் கிடைக்காது.

இவை எல்லாமே கழித்தல் வேலைகள் என்பதைக் கவனியுங்கள். உலைக்கசடு இல்லை, செம்புராங்கல் இல்லை, கருங்கல் இல்லை என்று நம் ஊரிலேயே கிடைக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகிறோம். பூமியால் விளக்க முடியாமல் எஞ்சுவதுதான் விண்ணுக்குச் சொந்தம். வேற்றுலக உயிரைத் தேடும் அறிவியலில் கோடிக்கணக்கான டாலர் செலவழித்துச் செய்யப்படும் வேலையும் இதுதான். அந்தத் துறையின் வரலாறு கழித்தலைச் சரியாகச் செய்தவர்களின் வரலாறு என்றே நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் உண்மையான விண்கற்கள் விழுந்திருக்கின்றன. 1857 பிப்ரவரி 28-ஆம் தேதி மதுரைக்குத் தெற்கே, ஆங்கிலேயர் பர்னல்லி என்று எழுதிவைத்த ஊரில், மொத்தம் 77 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள கற்கள் விழுந்தன. சூரியக் குடும்பம் உருவான காலத்தில், சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், இறுகிய காண்ட்ரூல் உருண்டைகள் பெரிதாக வெந்து குலையாமல் அதில் இருப்பதால் ஆய்வாளர்கள் இன்றும் அந்தக் கல்லைத் தேடிப் போகிறார்கள். அதன் பெரும்பகுதி லண்டனில் இருக்கிறது. 1886-இல் தென்னார்க்காட்டில் நம்மியந்தல் கல் விழுந்தது. 1898-இல் கொடைக்கானலில் ஓர் இரும்பு விண்கல் கிடைத்தது. 2008 செப்டம்பர் 12-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பகுதியில் சுமார் 110 கிலோ எடையுள்ள கல் விழுந்தது.

விண்கல் என்று அறிவிக்கப்பட்டு நிலைக்காமல் போன நிகழ்வும் உண்டு. 2016 பிப்ரவரியில் வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிச்சத்தத்தோடு பள்ளம் விழுந்தது, ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததால் நேர்ந்த மரணம் என்று அரசே அறிவித்தது, உலகமெங்கும் அது செய்தியானது. வெளியான படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள் அவை தரையில் நிகழ்ந்த வெடிப்போடுதான் பொருந்துகின்றன என்றார்கள். ஒரு மனிதர் இறந்துபோன இடத்தில் முதலில் கிடைத்த விளக்கத்தை அவசரமாகப் பற்றிக்கொள்வது அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் செய்யும் நியாயம் ஆகாது.

இனி இந்தியாவில் விழுந்த மிக முக்கியமான விண்கல்லுக்கு வருவோம். 1865 ஆகஸ்ட் 25-ஆம் தேதி காலை, பீகாரின் கயைக்கு அருகே உள்ள ஷெர்கோட்டியில் சுமார் 5 கிலோ எடையுள்ள கல் விழுந்தது. பார்த்தவர்கள் இருந்ததால் அது விண்கல்தானா என்ற சந்தேகம் எழவில்லை. ஆனால் அது மற்ற விண்கற்களைப் போல இல்லை. காண்ட்ரூல் இல்லை, எரிமலைக் குழம்பு இறுகிய பாறை போலிருந்தது. பின்னாளில் வயதைக் கணக்கிட்டபோது குழப்பம் கூடியது. அந்தப் பாறை இறுகி 20 கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை. குறுங்கோள்கள் சிறியவை, அவற்றின் உள்வெப்பம் நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே அடங்கிவிட்டது. 20 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்தில் எரிமலை கக்கக்கூடிய அளவுக்குப் பெரிய உலகம் எது? பலரும் செவ்வாய் என்று ஊகித்தார்கள், நிரூபிக்க வழியில்லை.

வழியைத் திறந்தவை தரையிறங்கிகள். 1976-இல் வைக்கிங் 1, வைக்கிங் 2 என்ற இரு கலங்கள் செவ்வாயில் இறங்கி அதன் காற்றில் எந்த வாயு எவ்வளவு என்று அளந்து அனுப்பின. 1979-இல் அண்டார்டிகாவில், ஷெர்கோட்டிக் கல்லின் வகையைச் சேர்ந்த ஒரு விண்கல் கிடைத்தது. ஏதோ ஒரு மோதலின் அதிர்ச்சியில் அதன் உள்ளே கண்ணாடித் திட்டுகள் உருவாகியிருந்தன, அவற்றுக்குள் காற்று சிறைப்பட்டிருந்தது. 1983-இல் டொனால்டு போகார்டும் பிராட் ஜான்சனும் அந்தக் காற்றை வெளியேற்றி அளந்தார்கள். ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகியவற்றின் விகிதங்கள் வைக்கிங் அனுப்பிய எண்களோடு பொருந்தின. பூமியின் காற்று அப்படி இல்லை. பீகாரில் ஒரு நூற்றாண்டுக்கு முன் விழுந்த கல்லின் பிறந்த ஊர் இப்படித்தான் உறுதியானது. அந்த வகைக் கற்கள் எல்லாவற்றுக்கும் ஷெர்கோட்டைட் என்றே பெயர்.

நிலவுக் கற்களும் இதே வழியில்தான் அடையாளம் காணப்பட்டன. 1982-இல் அண்டார்டிகாவில் எடுத்த ஒரு சிறு கல் நிலவிலிருந்து வந்தது என்று துணிந்து சொல்ல முடிந்ததற்குக் காரணம், அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த மாதிரிகள் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கிடைத்ததுதான். கல் தானாக வரும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. தரையிறங்கிக்கு இடம் தெரியும், பாறையை அணுவணுவாக ஆராயும் பெரிய ஆய்வகத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. ஆகவே இரண்டும் வேண்டும்.

செவ்வாய்க் கல் நம் கைக்கு வருகிறது என்றால், செவ்வாயின் உயிரும் அதில் ஏறி வந்திருக்குமா? அண்டார்டிகாவின் ஆலன் மலைகளில் 1984-இல் கிடைத்த, 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஏஎல்எச்84001 என்ற கல் இந்தக் கேள்வியை உலகத்தின் முன் வைத்தது. அதன் வயது சுமார் 409 கோடி ஆண்டுகள். 1996 ஆகஸ்டில் டேவிட் மெக்கேயின் குழு அதில் பழைய நுண்ணுயிர்களின் தடயம் இருப்பதாக அறிவித்தது, அமெரிக்க அதிபர் கிளின்டன் அதைப் பற்றி உரையாற்றினார். கார்பனேட் உருண்டைகள், கரிமச் சேர்மங்கள், காந்தக் கனிமமான மேக்னடைட்டின் நுண்படிகங்கள், புழு வடிவ உருவங்கள் என்று நான்கு சான்றுகள் காட்டப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் உயிரில்லாத விளக்கம் கிடைத்தது. புழு வடிவங்கள் உயிருள்ள செல்லின் உறுப்புகள் அடங்க முடியாத அளவுக்குச் சிறியவை. மேக்னடைட் கார்பனேட்டைச் சூடாக்கினாலே உருவாகும். கரிமச் சேர்மங்கள் நீரும் பாறையும் வினைபுரிந்து உண்டானவை என்று 2022-இல் ஆண்ட்ரூ ஸ்டீலின் குழு காட்டியது. ஆனாலும் அந்த அறிவிப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். உயிரின் தடயம் என்று எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் அந்த ஒரு கல்லை வைத்துக் கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கல்லிலிருந்தே இன்னொரு முடிவும் வந்தது, அது நிலைத்தும் விட்டது. கல்லுக்குள் உறைந்திருந்த பழைய காந்தத்தன்மையை பெஞ்சமின் வைஸ் குழு அளந்து, செவ்வாயைவிட்டுக் கிளம்பியதிலிருந்து கல்லின் உட்பகுதி 40 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறவே இல்லை என்று 2000-இல் கண்டறிந்தது. புதுக்கோட்டையின் சித்திரை வெயிலைத் தாங்கும் நுண்ணுயிருக்கு அது ஒரு வெப்பமே அல்ல. வளிமண்டலத்தில் எரிவது மேல்தோல் மட்டும், உள்ளே குளிர்ந்தே இருக்கும். ஒரு கோளிலிருந்து மற்றொரு கோளுக்கு உயிர் கல்லில் பயணம் செய்யக்கூடும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் இதுவரை இல்லை. இங்கே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விண்கல் என்று சந்தேகிக்கும் கல்லின் அருகே காந்தத்தைக் கொண்டுபோகாதீர்கள். கையில் பிடிக்கும் வலிமையான காந்தம் ஒரு நொடியில் பல கோடி ஆண்டுக் காந்தப் பதிவை அழித்துவிடும். சகாராவில் கிடைத்த, கறுப்பழகி என்று பொருள்படும் பெயர் பெற்ற செவ்வாய்க் கல்லில் இப்படித்தான் பதிவு அழிந்துவிட்டது என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

விண்கல்லில் உயிரைத் தேடுவதில் பெரிய இடைஞ்சல் நாமேதான். 1864-இல் பிரான்சின் ஒர்கேல் ஊரில் விழுந்த கல்லின் ஒரு துண்டு, கண்ணாடிச் சாடியில் நூறு ஆண்டு இருந்தது. 1960-களில் திறந்து பார்த்தால் உள்ளே விதைகள்! யாரோ விதைகளைச் செருகிப் பசையும் கரித்தூளும் கொண்டு மூடியிருந்தார்கள். இது வேண்டுமென்றே செய்த மோசடி. மோசடி இல்லாமலே கெட்டுப்போன மாதிரிகள் எத்தனையோ. மனித விரல்ரேகையில் அமினோ அமிலங்கள் இருக்கின்றன, தொட்டால் போதும்.

இந்த இடத்தில்தான் நம் பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். சிரில் பொன்னம்பெரும 1923-இல் இலங்கையின் காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து 1948-இல் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் போய் வேதியியலுக்கு மாறி, பெர்க்லியில் மெல்வின் கால்வினிடம் முனைவர் பட்டம் முடித்து, 1963-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். உயிர் எப்படித் தோன்றியது என்ற கேள்வியைத் தத்துவ வகுப்பிலிருந்து சோதனைக்குழாய்க்குக் கொண்டுவந்தவர் அவர்.

1969 செப்டம்பர் 28-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் நூறு கிலோவுக்கும் மேல் கற்கள் விழுந்தன. விழுந்த கல்லில் ஸ்பிரிட் வாடை அடித்தது என்று மக்கள் சொன்னார்கள். கீத் குவென்வோல்டனும் பொன்னம்பெருமவும் அடங்கிய குழு 1970 டிசம்பரில் அதில் அமினோ அமிலங்கள் இருப்பதாக வெளியிட்டது. முன்பும் சிலர் விண்கற்களில் அமினோ அமிலங்களைக் கண்டதாகச் சொல்லியிருந்தார்கள், யாரும் நம்பவில்லை. இவர்களை ஏன் நம்பினார்கள்? அமினோ அமில மூலக்கூறுகள் பெரும்பாலும் இடக்கை, வலக்கை என இரு வடிவங்களில் அமையும். பூமியின் உயிர்கள் புரதம் செய்ய இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. கைரேகையிலிருந்தோ மண்ணிலிருந்தோ வந்திருந்தால் இடக்கை வடிவமே மிகுந்திருக்க வேண்டும். மர்ச்சிசனில் இரண்டும் ஏறக்குறையச் சம அளவில் இருந்தன. அதோடு பூமியின் புரதங்களில் இடம்பெறாத அமினோ அமிலங்களும் இருந்தன. பூமியைக் கழித்துவிட்டார்கள். எஞ்சியது விண்ணுடையது. அதே சான்று, அவை உயிரால் உண்டானவை அல்ல என்பதையும் சொல்லிவிட்டது. உயிருக்கான மூலப்பொருள் உயிர் இல்லாமலேயே விண்வெளியில் சமைகிறது என்பது உயிரைக் கண்டதாகச் சொல்வதற்குச் சற்றும் குறையாத கண்டுபிடிப்பு.

2023 செப்டம்பரில் ஓசைரிஸ்-ரெக்ஸ் கலம் பென்னு குறுங்கோளிலிருந்து 121.6 கிராம் மண்ணைப் பூமியின் கலப்படம் சேராதபடி காத்துக் கொண்டுவந்து சேர்த்தது. பூமியின் புரதங்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-உம், டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் தேவையான ஐந்து காரங்களும் அதில் இருப்பது 2025 ஜனவரியில் வெளியானது. அங்கேயும் இடக்கையும் வலக்கையும் சமம். பொன்னம்பெரும 1994-இல் மறைந்துவிட்டார், இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

நம் பகுதியிலிருந்து எழுந்த வேறு சில கூற்றுகள் கழித்தலில் நிற்கவில்லை. 2001 ஜூலையில் கேரளத்தின் கோட்டயத்தில் சிவப்பு மழை பெய்தது. வானத்தில் வெடித்த விண்பொருளிலிருந்து வந்த செல்கள் அவை என்று காட்ஃப்ரி லூயியும் சந்தோஷ்குமாரும் எழுதினார்கள். ஆனால் அந்த ஆண்டு நவம்பரிலேயே கேரளத்தின் இரண்டு ஆய்வு நிறுவனங்கள், அவை ட்ரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள் என்று கண்டு சொல்லியிருந்தன. கோட்டயத்தின் மரங்களிலும் பாறைகளிலும் அந்தப் பாசி தாராளமாக வளர்கிறது. 2012 டிசம்பரில் இலங்கையின் பொலன்னறுவையில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கல்லில் டயாட்டம் என்ற நுண்பாசியின் தொல்லெச்சங்கள் இருப்பதாகச் சந்திரா விக்கிரமசிங்க குழு அறிவித்தது. அவை பூமியின் நன்னீரில் வாழும் வகைகள். அந்தக் கல் விண்கல் என்பதையே விண்கல் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசியில் கரிமப் பொருள் இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னவர் விக்கிரமசிங்க. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. அப்படிப்பட்டவரே பூமியைக் கழிக்கத் தவறியபோது அறிவியல் சமூகம் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இஸ்ரோவின் அணுகுமுறையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜயந்த் நார்லிகர் முன்னின்று வழிநடத்திய திட்டத்தில், 2005-இல் ஹைதராபாத்திலிருந்து ஏவிய பலூன் 20 முதல் 41 கிலோமீட்டர் உயரம் வரை காற்றை அள்ளிவந்தது. அதில் கிடைத்த மூன்று பாக்டீரியா இனங்கள் அறிவியலுக்குப் புதியவை. ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயரையும் இன்னொன்றுக்கு ஆரியபட்டரின் பெயரையும் வைத்தார்கள். ஆனால் அவை விண்ணிலிருந்து வந்தவை என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காகவே அந்த அறிவிப்பை நான் மதிக்கிறேன்.

கல் நம்மிடம் வரும்போது நம் கிருமி அதில் ஒட்டுகிறது. கலம் இங்கிருந்து போகும்போது நம் கிருமி அதோடு போய்விடுகிறது. 1967-இல் நிலவில் இறங்கிய சர்வேயர் 3 கலத்தின் கேமராவை 1969-இல் அப்போலோ 12 வீரர்கள் கழற்றிவந்தார்கள். அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா இருந்தது. இரண்டரை ஆண்டு நிலவில் உயிரோடு இருந்தது என்று நெடுநாள் நம்பப்பட்டது. திரும்பிவந்த பிறகு ஆய்வகத்தில் ஒட்டியது என்பதே இன்று பொருத்தமாகத் தோன்றும் விளக்கம்.

இந்தச் சிக்கலோடு வாழ்நாளைக் கழித்தவர் கஸ்தூரி வெங்கடேஸ்வரன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கடல் நுண்ணுயிரியல் பயின்று, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றியவர். காற்றை வடிகட்டி, ஈரத்தைக் குறைத்து, கிருமிநாசினியால் ஓயாமல் துடைக்கும் அறைகளில்தான் கலங்களைப் பூட்டுகிறார்கள். அங்கேயும் உயிர் பிழைக்கும் பாக்டீரியாக்களைத் தேடிப் பட்டியலிட்டது இவர் வேலை. இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் நாளை செவ்வாயில் ஒரு செல் கிடைத்தாலும், நாம் கொண்டுபோனதா அங்கேயே இருந்ததா என்று சொல்ல முடியாது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் இவர் குழு கண்ட புதிய பாக்டீரியாவுக்கு 2017-இல் சோலிபேசில்லஸ் கலாமி என்று பெயரிட்டார்கள். நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாமின் பெயர்தான்.

வைக்கிங் கலங்களைக் கிளம்பும் முன் 110 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சுட்டெடுத்தார்கள். செவ்வாய் மண்ணில் ஊட்டக் கரைசலைத் தெளித்தபோது கதிரியக்கக் குறியிட்ட வாயு கிளம்பியது. உள்ளே எதுவோ தின்று மூச்சுவிட்டது போலிருந்தது. சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின் அது உயிர்தான் என்று கடைசிவரை நம்பினார். ஆனால் அதே கலத்தின் வேறொரு கருவி மண்ணில் கரிமப் பொருளே இல்லை என்றது. 1977-இல் பொன்னம்பெருமவின் குழு, உயிர் எதுவும் இல்லாமல் உலோக ஆக்சைடு, பெராக்சைடு சேர்மங்களை வைத்தே வைக்கிங் முடிவுகளைப் போன்றவற்றை ஆய்வகத்தில் வரவழைத்தது. 2008-இல் ஃபீனிக்ஸ் தரையிறங்கி செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டதும் கணக்கு மறுபடி மாறியது. அந்த உப்பைக் கரிமப் பொருளோடு சேர்த்துச் சூடாக்கினால் கரிமம் எரிந்துபோகும். வைக்கிங் மண்ணைச் சூடாக்கித்தான் கரிமத்தைத் தேடியது. ஆக, அது கரிமம் இல்லை என்று சொன்னதையும் முழுதாக நம்பமுடியாது. பூமியைக் கழித்தால் மட்டும் போதாது, செவ்வாயின் வேதியியலையும் கழிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள 32 ஆண்டுகள் ஆயின.

செவ்வாயின் வேதியியலைப் படிக்கப் புதுக்கோட்டைக்காரர்களுக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கம் மழை பெய்து மண் அரித்த இடத்தில் பட்டாணி அளவுள்ள சிவப்புச் சரளைகளைப் பார்த்திருப்பீர்கள். செம்புராங்கல் மண்ணில் நீர் இறங்கியும் ஏறியும் இரும்பைக் கரைத்து ஓரிடத்தில் சேர்த்ததால் உருண்டவை. 2004 ஜனவரியில் மெரிடியானி சமவெளியில் இறங்கிய ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி, பாறையில் பதிந்தும் தரையில் உதிர்ந்தும் கிடந்த சில மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டைகளைப் படமெடுத்தது. அவை ஹேமடைட் எனும் இரும்பு ஆக்சைடு. நிலத்தடி நீர் பாறைக்குள் ஊறியதால் திரண்டவை என்பது பெரும்பாலோர் ஏற்ற விளக்கம். செவ்வாயில் முன்பு நீர் இருந்தது என்பதற்கு அந்த உருண்டைகள் சாட்சி.

நிலவுக்கும் தமிழ்நாட்டு மண் உதவியிருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் அனார்த்தோசைட் வகை. நிலவின் மேட்டுநிலமும் அதே வகை. அவற்றைப் பொடியாக்கிப் பரப்பிய தளத்தில்தான் சந்திரயான் திட்டத்தின் தரையிறங்கிக் கால்களையும் ஊர்திச் சக்கரங்களையும் இஸ்ரோ சோதித்தது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி நிலவின் தென்பகுதியில் இறங்கியது. பிரக்யான் ஊர்தி சுமார் 100 மீட்டர் ஓடி 23 இடங்களில் மண்ணை அளந்தது. அங்கேயும் அனார்த்தோசைட்தான் என்று 2024-இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. நிலவு ஒருகாலத்தில் பாறைக்குழம்புக் கடலால் மூடியிருந்தது என்ற கருத்துக்கு அது வலுச்சேர்த்தது.

இன்று உலகம் காத்திருப்பது வேறொரு கல்லுக்காக. செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்தில் 2021 முதல் ஓடிக்கொண்டிருக்கும் பெர்சிவியரன்ஸ், 2024 ஜூலையில் ஒரு பழைய ஆற்றுப் படுகையில் செந்நிறப் பாறையொன்றைக் கண்டது. அதில் சிறுத்தைப்புள்ளிகள் போல, கருவிளிம்பு கட்டிய வெளிர்ப்புள்ளிகள். விளிம்பில் இரும்புப் பாஸ்பேட்டும் இரும்புச் சல்பைடும் இருக்கக்கூடும் என்றும், பக்கத்தில் கரிமம் இருக்கிறது என்றும் 2025 செப்டம்பரில் வெளியான கட்டுரை சொல்கிறது. இதைப் புரிந்துகொள்ள, நீர் கட்டிய நடவுவயலின் சேற்றைக் கிளறிப் பார்த்தால் போதும். மேலே சிவந்த மண், கீழே சாம்பலும் கறுப்புமாக இருக்கும். காற்று எட்டாத சேற்றில் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் சிவந்த இரும்பை வைத்து மூச்சுவிடுவதால் நிறம் மாறுகிறது. செவ்வாயின் அந்தப் பாறை சேறாக இருந்தபோது அங்கும் அப்படி நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம், உயிரின்றியும் இந்த வினைகள் நிகழ வழியுண்டு. உயிரைக் கண்டதாகச் சொல்வதற்கு ஏழு படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை நாசா ஆய்வாளர்கள் 2021-இல் முன்வைத்தார்கள். அறிகுறி தென்படுவது முதல் படி, கலப்படம் இல்லை என்று காட்டுவது இரண்டாம் படி. அந்தப் பாறையில் துளைத்தெடுத்த மாதிரி ஒரு குழாயில் மூடப்பட்டுச் செவ்வாயிலேயே இருக்கிறது. அதைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம் செலவுக் கணக்கில் சிக்கிக்கொண்டது. எவ்வளவு செலவானாலும் அதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நமக்கு வானம் தானாகக் கொடுப்பதை வீணாக்காமல் இருப்போம். உங்கள் ஊரில் ஒரு கல் விழுவதைப் பார்த்தால் அல்லது விழுந்த சத்தம் கேட்டால், மணியையும் அது வந்த திசையையும் உடனே எழுதுங்கள். கிடந்த நிலையிலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், கழுவாதீர்கள், உடைக்காதீர்கள், பூஜையறையில் வைத்து மஞ்சள் குங்குமம் பூசாதீர்கள். சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். தாமதிக்காமல் வட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களின் காப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. கல் அங்கே போய்ச் சேர வேண்டும். விண்வெளியின் கதிர்வீச்சு கல்லுக்குள் உண்டாக்கிய சோடியம்-24 பதினைந்து மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு வாரம் கழித்து வரும் கல்லில் அதை அளக்கவே முடியாது.